துவக்கும் விட்டுக்கொடுப்பும்

அவுஸ்திரேலியாவைப் பற்றி வெளிநாடுகளில் ஒரு கதை உலாவுகிறது. அமெரிக்காவில் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் சூடு விழுந்தால் அடுத்த நாளே அந்தக் கதையைத் தூசு தட்டி எடுப்பார்கள். 1996 இல் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான், பிரதமர் எழும்பி நின்றார், பன்னிரண்டு நாளில் சட்டம் வந்தது, சனம் துவக்குகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது, அதோடு எல்லாம் சரி. கனடாவில் இருக்கிற என் சிநேகிதன் ஒருவனும் தொலைபேசியில் இதையேதான் சொன்னான். "உங்கட நாட்டில ஒரே வெட்டில முடிச்சுப் போட்டாங்கள், அமெரிக்கன்தான் இழுத்தடிக்கிறான்" என்று.

ஒரே வெட்டில் முடிந்ததாக எனக்குத் தெரியவில்லை. நடந்தது ஒரு பேரம். நீண்ட, கசப்பான, பாதியில் நின்றுபோன பேரம். அதன் மிச்சத்தை இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

(துவக்கு என்றால் துப்பாக்கிதான். தமிழ்நாட்டு நண்பர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாயில் வருகிற சொல் இதுதான்.)

முதலில் ஒரு விசயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் யார் துவக்கு வைத்திருக்கலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரம் மத்திய அரசிடம் இல்லை, மாநிலங்களிடம் இருக்கிறது. கன்பராவால் இறக்குமதியைத் தடுக்கலாம், வரி போடலாம். அவ்வளவுதான். 1996 வரைக்கும் ஆறு மாநிலங்களுக்கும் இரண்டு பிரதேசங்களுக்கும் தனித்தனிச் சட்டம். பிஸ்டலை எல்லா இடமும் பதிய வேண்டும். ஆனால் ரைபிளையும் சொட்கண்ணையும் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து, தஸ்மேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் பதியத் தேவையில்லை. பக்கத்து மாநிலத்தில் எவ்வளவு இறுக்கமான சட்டம் போட்டாலும் என்ன பிரயோசனம்? எல்லையில் மதிலா இருக்கிறது?

இது எல்லாருக்கும் முன்பே தெரிந்த ஓட்டைதான். 1987 ஓகஸ்ட் 9 ஆம் திகதி மெல்பேர்ண் ஹொடில் வீதியில் ஒருவன் 7 பேரைச் சுட்டுக் கொன்றான். அதே வருடம் டிசம்பர் 8 ஆம் திகதி அதே நகரத்தின் குயின் வீதியில் இன்னொருவன் 8 பேரைக் கொன்றான். அந்த மாதமே மாநில முதல்வர்களும் பிரதமரும் ஹோபார்ட்டில் கூடினார்கள். ஒரே மாதிரியான சட்டம் வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பரி அன்ஸ்வேர்த் வாதாடினார். குயின்ஸ்லாந்தும் தஸ்மேனியாவும் அசையவில்லை. கடுப்பாகி வெளியே வந்த அன்ஸ்வேர்த், தஸ்மேனியாவில் ஒரு படுகொலை நடக்கும்வரை இந்த நாட்டில் துவக்குச் சட்டம் திருந்தாது என்று சொன்னார். அடுத்த வருடம் மார்ச்சில் தேர்தல். கிராமப்புறத்துத் துவக்குக்காரர் அவருக்கு எதிராகத் திரண்டார்கள். அவர் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அரசியல்வாதிகள் படித்த பாடம் ஒன்றுதான்: துவக்கைத் தொட்டால் கதிரை போகும்.

எட்டு வருடம் ஒருவரும் தொடவில்லை. இடையில் 1991 இல் சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டில் 7 பேர் கொல்லப்பட்டபோதும் ஒரு மாநிலம் கொஞ்சம் இறுக்கியதே தவிர நாடு முழுவதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

1996 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. இடம் தஸ்மேனியாவில் போர்ட் ஆதர். பழைய கைதிகளின் சிறைச்சாலை, இப்போது சுற்றுலா இடம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அங்கேயிருந்த புரோட் அரோ என்ற கபேயில் அவனும் சாப்பாடு வாங்கி, வெளியே மேசையில் இருந்து சாப்பிட்டான். பிறகு உள்ளே போய்ப் பையைத் திறந்தான். அந்தக் கபேக்குள்ளும் ஒட்டியிருந்த பரிசுப்பொருட் கடைக்குள்ளும் மட்டும் 20 பேர். அதில் வேலை செய்தவர்களும் இருந்தார்கள். நான் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்கிறவன். மத்தியானம் கூட்டமாக இருக்கிற ஒரு கடையில் வெளியே ஓட எத்தனை வழி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. அவன் பெயரையும் எழுதப் போவதில்லை. மொத்தம் 35 பேர். அவனிடம் துவக்கு லைசென்ஸ் இருக்கவில்லை. ஆனால் அரைத் தானியங்கித் துவக்குகள் இருந்தன.

அன்ஸ்வேர்த் சொன்னது அப்படியே பலித்தது.

ஜோன் ஹவார்ட் பிரதமராகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அகதிகள் விசயத்தில் பிறகு அவர் செய்தவற்றை மறக்கிற ஆள் நானில்லை. 2001 இல் டம்பா கப்பலை மறித்தவரும் இவர்தான். ஆனால் 1996 இல் அவர் செய்ததை அதற்காக மறைக்கவும் முடியாது.

மே 10 ஆம் திகதி எல்லா மாநிலப் பொலிஸ் அமைச்சர்களும் கன்பராவில் கூடினார்கள். வெளியே சொல்லப்படுகிற 'பன்னிரண்டு நாள்' இதுதான். ஆனால் அன்றைக்கு வந்தது சட்டம் அல்ல. எல்லாரும் தங்கள் தங்கள் மாநிலத்தில் ஒரே மாதிரிச் சட்டம் கொண்டுவருவோம் என்ற உடன்பாடு. அரைத் தானியங்கி ரைபிள்களுக்கும், அரைத் தானியங்கி, பம்ப் சொட்கண்களுக்கும் பொதுத் தடை. எல்லாத் துவக்கும் பதிவு. வாங்க 28 நாள் காத்திருப்பு. ஏன் வேண்டும் என்பதற்கு உண்மையான காரணம் காட்ட வேண்டும், 'என் பாதுகாப்புக்கு' என்பது காரணமாகாது. துவக்கு வைத்திருப்பது உரிமை இல்லை, பொதுமக்கள் பாதுகாப்புக்கு உட்பட்ட சலுகை என்று எழுதினார்கள். அமெரிக்காவில் இந்த ஒரு வரியையே எழுத முடியாது.

மாநிலங்கள் மறுத்தால் பொதுவாக்கெடுப்பு வைத்து அந்த அதிகாரத்தையே கன்பராவுக்கு எடுப்பேன் என்று ஹவார்ட் வெருட்டினார். எதிர்க்கட்சியான தொழிற்கட்சி ஆதரவு கொடுத்தது. அவருக்குத் தலையிடி வந்தது அந்தப் பக்கத்திலிருந்து அல்ல. அப்போது ஆறு மாநிலங்களில் ஐந்தை ஆண்டது லிபரல், நஷனல் கட்சிகள், அதாவது அவருடைய சொந்தப் பக்கம். நஷனல் கட்சி என்றால் விவசாயிகளின் கட்சி. துவக்கு அதிகம் வைத்திருந்தவர்கள் அவர்களுடைய வாக்காளர்கள். ஆகவே இந்தப் பேரம் எதிரியோடு நடந்தது அல்ல, தன் ஆட்களோடு நடந்தது. இதைத்தான் வெளியில் சொல்லப்படுகிற கதை விட்டுவிடுகிறது.

யூன் 16 ஆம் திகதி விக்ரோரியாவில் சேல் என்ற ஊரில் துவக்குக்காரரின் கூட்டத்துக்கு ஹவார்ட் நேரே போனார். கோட்டுக்குள்ளே குண்டு துளைக்காத அங்கி. அது வெளியே புடைத்துக்கொண்டு தெரிந்தது. அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. அதை அணிந்ததற்காகப் பிறகு வருத்தப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

நான் முன்பு வேலை செய்த ஒரு கடைக்குக் கிப்ஸ்லாந்துப் பக்கத்திலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுவந்து போடுகிற விவசாயி ஒருவர் இருந்தார். எழுபது வயதுக்கு மேல். சேல் கூட்டத்தில் தானும் நின்றதாகச் சொன்னார். அந்த அங்கியைப் பற்றிக் கேட்டால் அவருக்கு இன்றைக்கும் முகம் சிவக்கும். "அவருக்கு வாக்குப் போட்ட சனம் நாங்கள். எங்களைக் கொலைகாரர் மாதிரிப் பார்த்தார்" என்பார். சட்டம் பிழையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்துவிட்டு, முயல் சுடுவதற்கு அரைத் தானியங்கி தேவையில்லைத்தான் என்றார். தகப்பனுடைய துவக்கைக் கொடுத்துவிட்டு, வந்த காசில் ஒவ்வொரு ரவையாக ஏற்றிச் சுடுகிற ரைபிள் ஒன்று வாங்கினாராம். கோபமும் குறையவில்லை, சட்டத்தையும் மீறவில்லை.

ஹவார்டை விட அதிகம் அடிவாங்கியவர் துணைப் பிரதமர் ரிம் பிஷர். நஷனல் கட்சித் தலைவர், விவசாயி, வியட்நாம் போரில் காயப்பட்டவர். துவக்கு என்றால் என்னவென்று தெரியாத நகரத்து ஆள் என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அவர் ஊர் ஊராகப் போய்த் தன் சனத்துக்கு முன்னால் நின்று விளங்கப்படுத்தினார். குயின்ஸ்லாந்தின் ஜிம்பி என்ற ஊரில் அவருடைய கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். குயின்ஸ்லாந்து முதல்வர் ரொப் போர்பிட்ஜும் அதே கட்சிதான். அவரும் உடன்பட்டார். 1998 யூனில் மாநிலத் தேர்தல் வந்தபோது போலீன் ஹான்சனின் ஒன் நேஷன் கட்சி 89 இடங்களில் 11 ஐப் பிடித்தது. போர்பிட்ஜின் ஆட்சி போனது. துவக்கு மட்டும் காரணமில்லை. ஆனால் அந்தக் கோபம் அதில் இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு எங்கட கதை நினைவுக்கு வராமல் போகாது.

ஹொடில் வீதியில் சூடு நடந்ததற்கு நான்கு நாளைக்கு முன், 1987 ஓகஸ்ட் 5 ஆம் திகதி, பலாலியில் ஆயுதக் கையளிப்பு நடந்தது. இந்திய இலங்கை ஒப்பந்தப்படி 72 மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கையளித்தது அடையாளத்துக்குக் கொஞ்சம். ஒக்டோபரில் இந்திய இராணுவத்தோடு சண்டை. துவக்கைக் கேட்கிறவன் பதிலுக்கு என்ன தருகிறான், அதை நம்பலாமா என்ற கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் 72 மணித்தியாலம் என்ன, 72 மாதம் கொடுத்தாலும் நடக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கட அரசியலில் விட்டுக்கொடுப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே துரோகி என்ற சொல்லும் நிற்கும். 1989 யூலையில் அமிர்தலிங்கத்தைப் பேச வந்தவர்களே வீட்டில் வைத்துச் சுட்டார்கள். 1999 யூலையில் நீலன் திருச்செல்வத்தைக் குண்டு வைத்துக் கொன்றார்கள், அதிகாரப் பகிர்வு வரைபு ஒன்றில் வேலை செய்த மனுசன். அவர்கள் எழுதியதும் பேசியதும் எனக்கு முழுக்க உடன்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. ஜிம்பியில் பிஷரின் பொம்மையைத்தான் தூக்கினார்கள். அவர் 2019 இல் நோய் வந்து காலமானார். இந்த வித்தியாசத்தைப் பற்றிப் பேசாமல் 'வெள்ளைக்காரன் கெட்டிக்காரன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

சரி, பேரத்துக்குத் திரும்பி வருவோம். மே மாத உடன்பாட்டுக்குப் பிறகு மாநிலங்கள் கரைச்சல் கொடுக்கத் தொடங்கின. குயின்ஸ்லாந்தும் மேற்கு அவுஸ்திரேலியாவும் ஒரு யோசனை வைத்தன: அரைத் தானியங்கியைப் பறிக்க வேண்டாம், மகசினை நசுக்கி அடைத்துவிட்டால் கொஞ்ச ரவைதானே போகும், அப்படியே வைத்திருக்க விடுங்கள் என்று. பார்க்க நல்ல சமரசம் மாதிரித்தான் இருக்கும். ஹவார்ட் மறுத்தார். நசுக்கியதைத் திரும்ப நிமிர்த்தலாம் என்பதுதான் காரணம். வீட்டுக் கராஜில் வைத்துச் செய்கிற வேலை அது.

ஆனால் வேறு இடங்களில் விட்டுக்கொடுத்தார். விவசாயிகள் தேவையைக் காட்டினால் 10 ரவை வரை கொள்கிற சிறிய .22 அரைத் தானியங்கியும், 5 ரவை வரை கொள்கிற சொட்கண்ணும் வைத்திருக்கலாம். களிமண் தட்டுகளை எறிந்து சுடுகிற விளையாட்டுக்காரருக்கும் ஒரு சிறிய விதிவிலக்கு. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் பாதி பாதியாக வெட்டவில்லை.

காசு விசயமும் அப்படித்தான். சனத்தின் சொத்தை மத்திய அரசு எடுத்தால் நியாயமான விலை கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டு அரசியலமைப்பு. அதற்காக மெடிகெயார் வரியை ஒரு வருடத்துக்கு மட்டும் 1.5 வீதத்திலிருந்து 1.7 ஆகக் கூட்டினார்கள். துவக்கே இல்லாத சிட்னிக் கணக்காளரும் மெல்பேர்ண் பஸ் சாரதியும் அந்தக் காசைக் கட்டினார்கள். ஒவ்வொரு வகைத் துவக்குக்கும் விலைப்பட்டியல் போட்டு, கொண்டுவந்தவருக்குக் காசு கொடுத்து, அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே நசுக்கினார்கள். ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் துவக்குகள் அளவில் வந்து சேர்ந்தன. கொடுத்த நட்டஈடு 30 கோடி டொலருக்கு மேல். கோபத்தோடு வந்தவனும் வெறுங்கையோடு போகவில்லை.

பலன் என்ன? துவக்கால் நடந்த கொலையும் தற்கொலையும் குறைந்தன. ஏற்கெனவே குறைந்துகொண்டுதான் இருந்தன, சட்டத்தால் எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். ஆனால் 1996 க்கு முந்திய பத்துப் பதினைந்து வருடங்களில் அடிக்கடி நடந்துகொண்டிருந்த கூட்டுக் கொலைகள் பிறகு நீண்ட காலத்துக்கு ஏறக்குறைய நின்றுபோயின. எனக்கு அது போதும்.

மிச்சம் விட்டதைப் பார்ப்போம்.

பிஸ்டலை 1996 இல் பெரிதாகத் தொடவில்லை. 2002 ஒக்டோபர் 21 இல் மொனாஷ் பல்கலைக்கழக வகுப்பறையில் ஒரு மாணவன் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். எல்லாம் இலக்குச் சுடும் கழக உறுப்பினராகச் சட்டப்படி வாங்கிய பிஸ்டல்கள். அதற்குப் பிறகு இன்னொரு உடன்பாடு, 2003 இல் இன்னொரு திருப்பி வாங்கல்.

28 நாள் காத்திருப்பை, இரண்டாவது துவக்குக்குத் தேவையில்லை என்று சில மாநிலங்கள் தளர்த்தின. 2017 இல் வந்த ஓர் ஆய்வு, 1996 உடன்பாட்டை ஒரு மாநிலமும் முழுமையாகக் கடைப்பிடிக்கவில்லை என்று காட்டியது. ஒருவரும் சத்தமாக உடைக்கவில்லை. சத்தமில்லாமல் ஒவ்வோர் ஆணியாகக் கழற்றினார்கள்.

அதிலும் ஒரு விசித்திரமான கூத்து 2015 இல் நடந்தது. அட்லர் என்ற, ஏழு ரவை கொள்கிற லீவர் சொட்கண் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. செனட்டர் டேவிட் லயன்ஹெல்ம் அந்தத் தடைக்கு முடிவுத் திகதி வைக்கச் சொன்னார். அரசும் சம்மதித்தது. பதிலுக்கு அவர், குடிவரவு பற்றிய ஒரு சட்டமூலத்தில் தொழிற்கட்சி கொண்டுவந்த திருத்தங்களுக்கு எதிராக வாக்களித்தார். 2016 இல்தான் இது வெளியே வந்தது. தராசின் ஒரு தட்டில் சொட்கண், மற்றத் தட்டில் எங்களைப் போன்ற ஆட்களைப் பற்றிய சட்டம்! இதற்கும் பெயர் விட்டுக்கொடுப்புத்தான். ஆனால் பிஷர் செய்தது தன் சனத்துக்கு முன்னால் நின்று, தன் பெயரைப் பணயம் வைத்து. இது நடைபாதையில் நின்று, மற்றவன் தலையைப் பணயம் வைத்து.

எல்லாத்தையும் விடப் பெரிய மிச்சம் பதிவேடு. நாடு முழுக்க இணைக்கப்பட்ட பதிவு வேண்டும் என்று 1996 இலேயே ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு மாநிலமும் தன் கொப்பியைத் தானே வைத்துக்கொண்டது. 2022 டிசம்பரில் குயின்ஸ்லாந்தின் வீயம்பிலாவில் இரண்டு இளம் பொலிஸ்காரரும் அயலவர் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான், 2023 டிசம்பரில், தேசியப் பதிவேட்டுக்கு எல்லாரும் சம்மதித்தார்கள். 27 வருடம். அதுவும் முழுதாக இயங்க 2028 ஆகுமாம். ஒருவர் எத்தனை துவக்கு வைத்திருக்கலாம் என்பதற்கு 1996 இல் எல்லையே போடவில்லை. மேற்கு அவுஸ்திரேலியா மட்டும் 2024 இல் முதன்முதலாகப் போட்டது. நாட்டில் பதியப்பட்ட துவக்குகள் இப்போது 40 இலட்சத்துக்கு மேல். 1996 இல் இருந்ததை விடக் கூட.

பிறகு 2025 டிசம்பர் 14. பொண்டைக் கடற்கரையில் யூதர்களின் ஹனுக்கா விழாவில் தகப்பனும் மகனுமாக வந்து 15 பேரைக் கொன்றார்கள். தகப்பனிடம் லைசென்ஸ் இருந்தது. அவர் பெயரில் ஆறு துவக்குகள். போர்ட் ஆதரில் லைசென்ஸ் இல்லாதவன், பொண்டையில் லைசென்ஸ் உள்ளவன்.

நத்தாருக்கு முன்பே நியூ சவுத் வேல்ஸ் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. சாதாரண ஆளுக்கு நான்கு துவக்கு, விவசாயி போன்றோருக்குப் பத்து. புதிதாக ஒரு தேசியத் திருப்பி வாங்கல் என்று பிரதமர் அல்பனீசி அறிவித்தார். இம்முறை விசேட வரி எதுவும் இல்லை, செலவில் பாதியை மாநிலங்களே போட வேண்டும் என்றார். 86 வயது ஹவார்ட், துவக்குச் சட்டப் பேச்சு யூத வெறுப்பைப் பற்றிய பேச்சை மறைக்கிற திரையாகிவிடக் கூடாது என்றார். நியூ சவுத் வேல்ஸில் லிபரல் கட்சி அந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ரிம் பிஷரின் நஷனல் கட்சி எதிர்த்து வாக்களித்தது.